புல் வெட்ட ரோபோ: வாங்குமுன் வானத்தைப் பாருங்கள்

சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குச் சற்று உள்ளடங்கி ஒரு பழைய தோட்ட பங்களா இருக்கிறது. இப்போது அது ஓர் அறக்கட்டளையின் வசம். கட்டடமும் கொட்டகையும் போக 12 கிரவுண்டு வெற்றிடம், பெரும்பகுதி புல்தரை. சென்ற மாதம் அதன் காரியதரிசி என்னைக் கூப்பிட்டனுப்பினார். எல்லைக் கம்பி புதைக்காமலே தானாக ஓடிப் புல் வெட்டும் ரோபோ யந்திரம் ஒன்றை வாங்க உத்தேசம் என்றும், மூன்று கம்பெனிகளின் விலைப்பட்டியல் வந்திருக்கிறது என்றும், எதை வாங்கலாம் என்று நான் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார்.

விவசாயப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். புல்லும் ஒரு பயிர்தான். அதற்கும் தண்ணீர் பாய்கிறது, ஆள் கூலி ஆகிறது. பண்ணை வீடு, பள்ளி மைதானம், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி வளாகம் என்று புல்தரை வளர்ப்போர் பெருகிவிட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை என்ற குறையும் எல்லோரிடமும் இருக்கிறது. இவர்களில் பலர் இந்த யந்திரத்தின் மேல் கண் வைத்திருப்பதால் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புல் வெட்டும் யந்திரத்தை 1830இல் இங்கிலாந்தில் எட்வின் படிங் என்பவர் கண்டுபிடித்தார். தானாக ஓடும் யந்திரத்தை ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா கம்பெனி 1995இல் கொண்டுவந்தது; அது சூரிய ஒளியில் ஓடியது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் தோட்டத்தைச் சுற்றி மண்ணில் ஒரு கம்பி புதைத்து, அந்தக் கம்பியைத் தாண்டாமல் ஓடுபவை. நம் ஊரில் அது நிலைக்காது. பெருச்சாளி ஒரு வாரத்தில் கடித்துவிடும். மீதியை மண்வெட்டி பார்த்துக்கொள்ளும். எங்கே அறுந்தது என்று தேடுவதற்குள் புல் முழங்காலுக்கு வந்துவிடும். ஆகவே பெரிய தோட்டத்துக்குக் கம்பியில்லாத ரகம்தான் ஏற்றது என்பதில் எனக்கும் காரியதரிசிக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கம்பி இல்லாமல் எல்லை எப்படித் தெரிகிறது? இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கக் கூடாது. உங்கள் கைபேசியில் இருக்கும் ஜி.பி.எஸ். சில மீட்டர் முன்பின்னாகத்தான் இடம் காட்டும். அந்தக் கணக்கில் புல் வெட்டினால் ரோஜாப் பாத்தி காலி. ஆகவே, மொட்டை மாடியிலோ திறந்த வெளியிலோ அசையாமல் ஒரு ஆன்டெனாவை நட்டு வைக்கிறார்கள். அது தானிருக்கும் இடத்தை அறியும்; செயற்கைக்கோள் சமிக்ஞையில் எவ்வளவு பிசகு இருக்கிறது என்று கணக்கிட்டு, அந்தத் திருத்தத்தை யந்திரத்துக்கு ரேடியோ மூலம் அனுப்பிக்கொண்டே இருக்கும். இதனால் பிசகு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. ஆர்.டி.கே. என்று விலைப்பட்டியலில் போட்டிருப்பது இதுதான்.

இதற்கு வானம் வேண்டும். மாமரத்தடியில், தூங்குமூஞ்சி மர நிழலில், மூன்று மாடிச் சுவர் ஓரத்தில் சமிக்ஞை வராது. அல்லது சுவரில் பட்டுத் திரும்பித் தவறாக வரும். யந்திரம் நின்றுவிட்டால் பாதகமில்லை, தவறாக ஓடினால்தான் பாதகம். சைதாப்பேட்டையில் பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் எல்லாம் அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. நான் பார்த்த தோட்டத்தில் மேற்கே ஒரு நான்கு மாடிக் கட்டடம், தெற்கே வரிசையாக ஆறு மாமரங்கள். பாதித் தோட்டத்துக்கு வானம் அரைகுறைதான்.

இந்தக் குறைக்கு மாற்றாக இரண்டு வழிகள் வந்துள்ளன. ஒன்று காமிரா, புல்லையும் மண்ணையும் நிறம் பார்த்துப் பிரித்தறியும். சித்திரை வெயிலில் நம் புல் மண் நிறத்துக்கு வந்துவிடுகிறதே, அப்போது அது தடுமாறும். இருட்டிலும் அப்படித்தான். இன்னொன்று லைடார் என்னும் ஒளிக்கதிர் அளவி. சுற்றிலும் உள்ள சுவர், மரம், தூண் ஆகியவற்றை அளந்து தன் இடத்தைக் கண்டுகொள்ளும். மரமும் சுவரும் நிறைந்த இடத்தில் இது கெட்டிக்காரன். வெட்டவெளி மைதானத்தில் அளக்க எதுவும் இல்லாமல் திண்டாடும். வெட்டவெளிக்கு ஆர்.டி.கே., சோலைக்கு லைடார், இரண்டும் கலந்த தோட்டத்துக்கு இரண்டும் சேர்ந்த ரகம் என்று மோட்டாவாக வைத்துக்கொள்ளலாம். விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்றுதான் சொல்வார்.

சைதாப்பேட்டையில் வெளிநாட்டு யந்திரம் இறங்குவது புதிதல்ல. 1860களில் சென்னை கவர்னராக இருந்த வில்லியம் டெனிசனின் முயற்சியால் இங்கே அரசாங்கப் பரிசோதனைப் பண்ணை ஏற்பட்டது. நீராவிக் கலப்பை முதல் பலவிதக் கருவிகள் சீமையிலிருந்து கப்பலில் வந்தன. பெரிய வயல், கனத்த மண், மலிவான நிலக்கரி, பழகிய மெக்கானிக் எல்லாம் உள்ள தேசத்தின் கருவி அது. நம் விவசாயியின் சிறு நிலத்துக்கும் ஜோடி மாட்டுக்கும் பொருந்தவில்லை. அவன் அதை வாங்கவும் இல்லை. 1889இல் இந்தியா வந்த ரசாயன நிபுணர் வோல்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், இங்குள்ள விவசாயிக்குத் தொழில் தெரியாமல் இல்லை, வசதிதான் இல்லை என்ற பொருள்பட எழுதினார். ஆனால் அந்தப் பண்ணை வீணாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே 1868இல் தோன்றிய விவசாயப் பள்ளிதான் 1906இல் கோயமுத்தூருக்குப் போய், 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. கருவி துருப்பிடித்தது, படிப்பு நின்றது.

சரி, தோட்டத்துக்கு வருவோம். அங்கே இருபது வருஷமாக வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் என்னுடன் சுற்றி வந்தார். கொட்டகையில் ஒரு பெட்ரோல் புல்வெட்டி தூசி படிந்து கிடந்தது. "இது என்ன பெரியவரே?" என்றேன். "அதுவா ஐயா, வாங்கி ரெண்டு வருஷம் ஓடிச்சு. பிளேடு தேஞ்சுது. கடைக்காரரைக் கேட்டா அந்த மாடலே நின்னுபோச்சுன்னுட்டாரு. அப்புறம் பழைய தள்ளு மெஷினும் பிரஷ்கட்டரும்தான்" என்றார். எந்தக் கடை என்று இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் விலைப்பட்டியலில் நான் முதலில் பார்த்தது பிளேடு விலையைத்தான். அதில் இல்லை!

ரோபோவின் பிளேடு நம் சவர பிளேடு போலச் சிறியது. மூன்று முதல் ஆறு பிளேடுகள் ஒரு தட்டில் ஆடும்படி கோத்திருக்கும். ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் நுனியைத்தான் அது கொய்யும். கொய்த துணுக்கு அங்கேயே விழுந்து மக்கிவிடும், உரம்தான், நல்லதே. ஆனால் அரையடி வளர்ந்த புல்லைக் கொடுத்தால் அது முழிக்கும். கோரைத் தண்டும், மாங்கொட்டையும், தென்னை மட்டைக் கருக்கும் அதற்குச் சத்துரு. தினமும் காலையில் ஒரு ஆள் தரையைப் பெருக்கிவிட வேண்டும். பிளேடு மாதம் ஒரு முறையோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ மாற்ற வேண்டும். ஓரம், வரப்பு, மரத்தடி ஆகியவற்றைக் கையால்தான் வெட்ட வேண்டும். ஆகவே ஆளே வேண்டாம் என்பது விளம்பரப் பேச்சு. இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்யலாம், அவ்வளவுதான். அந்த ஒரு ஆள் தோட்டத்தை அறிந்தவராக இருக்க வேண்டும். பெரியவரை நிறுத்திவிட்டு அவர் சம்பளத்தில் தவணை கட்டலாம் என்று கமிட்டியில் ஒருவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு தப்பு என்று காரியதரிசியிடம் நேராகவே சொன்னேன்.

பரப்பளவைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். 12 கிரவுண்டு சுமார் 2,680 சதுர மீட்டர். பட்டியலில் 3,000 சதுர மீட்டர் என்று போட்ட யந்திரம் போதும் என்று தோன்றும். அந்த 3,000 சீமைக் கணக்கு. அங்கே புல் மெதுவாக வளரும், மழை தூறலாகப் பெய்யும். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் அருகு ஓட்டமாக ஓடும். அதே மாதங்களில்தான் தரை சேறாகி, மழை உணரி யந்திரத்தைக் கூட்டுக்குள் உட்கார வைத்துவிடும். பட்டியல் அளவில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்பது என் மதிப்பு. சாய்வைச் சிலர் டிகிரியிலும் சிலர் சதவீதத்திலும் போடுகிறார்கள். 45 சதவீதம் என்றால் 24 டிகிரிதான். ஏமாறாதீர்கள்.

வெயிலும் ஒரு விஷயம். லித்தியம் பாட்டரி கடும் சூட்டில் சார்ஜ் ஏறாமல் நிற்கும். சார்ஜ் மேடைக்கு மேல் ஒரு கீற்றுப் பந்தல் போட்டுக்கொள்வது நல்லது. மொட்டை மாடி ஆன்டெனாவுக்கு இடிதாங்கிப் பாதுகாப்பும் எர்த்தும் அவசியம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி மறைமலை அடிகள் பாலத்தில் போக்குவரத்தே நின்றதைச் சைதாப்பேட்டைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றங்கரைத் தோட்டக்காரர்கள் மார்கழி வரை யந்திரத்தை இரவில் மாடியில் தூக்கி வைப்பது உத்தமம்.

வெளிநாட்டு உறவினர் மூலம் வரவழைப்போருக்கு ஒரு வார்த்தை. திருத்தம் அனுப்பும் ரேடியோவின் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்க ரகங்கள் 915 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுபவை. இந்தியாவில் இவ்வகைக் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் அனுமதி உள்ளது 865 முதல் 868 வரை. அங்கே மின்சாரம் 110 முதல் 120 வோல்ட், இங்கே 230. சில புதிய ரகங்களில் ஆன்டெனாவே வேண்டாம், திருத்தம் சிம் கார்டு வழியாக வரும் என்கிறார்கள். அந்தச் சேவை நம் ஊரில் உண்டா, வருஷ சந்தா எவ்வளவு, இணையம் இல்லாதபோது யந்திரம் ஓடுமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரவில் ஓட்டாதீர்கள். தவளை, கீரிப்பிள்ளை, சாரைப் பாம்பு எல்லாம் புல்தரையில் நடமாடும் நேரம் அது. முள்ளெலிகள் இந்த யந்திரங்களில் அடிபடுவது பற்றி ஐரோப்பாவில் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. 2021இல் வெளியான டென்மார்க் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரை, சில ரகங்கள் அவற்றை வெகுவாகக் காயப்படுத்துகின்றன என்று காட்டியது. ஜெர்மனியில் இரவு ஓட்டத்தைத் தடை செய்த நகரங்களும் உண்டு. நம் கிண்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னும் உயிர்ப் பொருள் அதிகம்.

இவ்வளவும் யந்திரத்தைப் பற்றி. என் உண்மையான ஆட்சேபம் புல்லின் மேல்தான். கோடையில் புல்தரை பச்சையாக இருக்க நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிரவுண்டுக்கு 1,115 லிட்டர். 12 கிரவுண்டுக்கு 13,000 லிட்டருக்கு மேல். ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீரைத் தினமும் தரையில் கொட்டுவதற்குச் சமம். 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்த நகரம் இது. இந்தக் கணக்கைக் காரியதரிசி பேப்பரில் இரண்டு முறை பெருக்கிப் பார்த்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை.

நான் சொன்ன யோசனை இது. கூட்டம் நடக்கும் முன்பக்கம் 4 கிரவுண்டு மட்டும் புல்தரையாக இருக்கட்டும். அங்கே மரம் இல்லை, வானம் திறந்திருக்கிறது, ஆர்.டி.கே. ரகத்தில் சிறியதே போதும், விலையும் பெரிதும் குறையும். மாமரத்தடியை இலைச் சருகோடு விட்டுவிடலாம். மேற்கே உள்ள நிலத்தில் வெயில் படும் பாகத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப் புல்லும், தண்ணீர் எட்டாத பாகத்தில் கொழுக்கட்டைப் புல்லும் போடலாம். இப்போது அந்தப் பக்கத்துப் புல்லை வாரம் இரண்டு முறை அறுத்துப் போக ஓர் அம்மாள் வருகிறார். பக்கத்துத் தெருவில் இரண்டு மாடு வைத்திருக்கிறார். ரோபோ வந்தால் அந்தப் புல் துணுக்காகி மண்ணோடு போய்விடும், அவர் தீவனத்துக்குக் காசு தேட வேண்டும் என்பது பெரியவர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

காரியதரிசி பாதி சம்மதித்திருக்கிறார். மூன்று கம்பெனிகளுக்கும் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறார்: ஐப்பசி மழை பிடித்த பிறகு, நம் தோட்டத்தில், பத்து நாள் ஓட்டிக் காட்ட வேண்டும், பிளேடு, பாட்டரி, சக்கரம் ஆகியவற்றின் விலையும் ஐந்து வருஷத்துக்குக் கிடைக்கும் என்ற உறுதியும் எழுத்தில் தர வேண்டும். இரண்டு கம்பெனிகள் வெயில் காலத்தில் காட்டுகிறோம் என்று பதில் போட்டிருக்கின்றன. மூன்றாவது கம்பெனி ஆளை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறது. அன்று பெரியவரும் கூட இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.