கடைசியில் திறந்த கதவு

கொரோனாப் பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. நோயின் கொடுமையை எண்ணினால் அதனைக் குறைகூற இயலாது. குறை, திறந்த வரிசையில் உள்ளது. பத்து, பன்னிரண்டாம் வகுப்பினர் 2021 சனவரியிலேயே அழைக்கப்பட்டனர். இடையில் மூடப்பட்டபின் செப்டம்பரில் மீண்டும் வந்தனர். ஒன்று முதல் எட்டு வரை பயின்றோர்க்கோ 2021 நவம்பர் 1 அன்றுதான் கதவு திறந்தது. பத்தொன்பது மாதங்கள்! பொதுத்தேர்வு எழுதுவோர் முன்னே வரட்டும் என்பது அன்றைய கணக்கு. அக்கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. மேல்வகுப்பு மாணவர் நூலைத் தாமே புரட்டுவர். எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு அருகில் ஆசிரியர் வேண்டும்.

கல்வித் தொலைக்காட்சி வீடுதோறும் பாடம் கொண்டுவந்தது. சிறிய பணியன்று அது. ஆயினும் அதனிடம் ஐயம் கேட்க முடியுமா? திறன்பேசி வகுப்போ கருவி உள்ளவர்க்கே. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் திருக்காட்டுப்பள்ளிப் பகுதியை எண்ணிப் பாருங்கள். 2020 சூன் 12இல் மேட்டூர் அணை திறந்தது. குறுவைப் பணிகள் தொடங்கின. வீட்டிலுள்ள ஒரே திறன்பேசி தந்தையின் சட்டைப்பையில் வயலுக்குப் போய்விட்டால், பிள்ளைக்கு எது வகுப்பு?

முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும் என்பதை இவ்வூர் உழவர் அறிவர். எழுதப் படிக்கப் பழகும் பருவமும் அத்தகையதே. தன்னார்வலர் மாலையில் கற்பித்த ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021 அக்டோபரில்தான் தொடங்கிற்று. ஓராண்டு முன்னரே வந்திருக்கலாம். இனியொரு தொற்று வரின், தொடக்கப்பள்ளிகளே முதலில் திறக்கப்படல் வேண்டும்; வகுப்பறை ஆகாதெனில், மரத்தடியில் பத்துப் பத்துப் பேராக.