"வீட்ல தமிழ் பேசாதீங்க" என்று உங்களுக்குச் சொன்னவருக்கு இதை அனுப்புங்கள்

கொஞ்சம் நீளமான த்ரெட். வெளிநாட்டில் ஐந்து வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்களும், ஊரில் உட்கார்ந்து அவர்களுக்கு போனில் வைத்தியம் சொல்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

"ரெண்டு மொழி போட்டுக் குழப்பாதீங்க. வீட்லயும் பிரெஞ்சே பேசுங்க, அப்பதான் குழந்தை சீக்கிரம் பேசும்."

இது தவறான அறிவுரை. கிரெஷ் டீச்சர் சொன்னாலும் தவறு, பக்கத்து ஃபிளாட் அக்கா சொன்னாலும் தவறு, என்னைப் போல கழுத்தில் ஸ்டெத் மாட்டியவர் சொன்னாலும் தவறு. பிரெஞ்சு இருக்கும் இடத்தில் இங்கிலீஷ், அரபி எது போட்டாலும் அதே கதைதான்.

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் எங்கள் ஓ.பி.யில் முகங்கள் மாறும். பாரிஸ் புறநகர், சிங்கப்பூர், ஷார்ஜா என்று எல்லா இடத்திலிருந்தும் லீவுக்கு வந்திருப்பார்கள். அம்பகரத்தூர், திருநள்ளாறு பக்கம் அப்படித்தான். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் ஒரு பக்கம், வளைகுடாவில் சம்பாதிக்கப் போனவர்கள் இன்னொரு பக்கம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வருவார்கள். சீட்டு எழுதி முடித்ததும், கதவு வரைக்கும் போன அம்மாச்சியோ நன்னியோ திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "டாக்டர், புள்ளைக்கு மூணு வயசு ஆவப்போவுது. இன்னும் பேச்சு வரல. டானிக் ஏதாச்சும்..."

பேச்சு வரவைக்கும் டானிக் உலகத்தில் எங்கேயும் கிடையாது. வசம்பும் செய்யாது. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டுவதும் செய்யாது. (அந்தச் சவ்வு சில எழுத்துகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம், பேச்சையே நிறுத்தாது.) அதை விடுங்க. வீட்டில் என்ன மொழி பேசுறீங்க என்று பிள்ளையின் அம்மாவைக் கேட்டால், "பிரெஞ்சுதான் டாக்டர், அங்க அப்படித்தான் சொன்னாங்க" என்பார். உங்களுக்கு பிரெஞ்சு எவ்வளவு வரும் என்று கேட்டால் சிரிப்பார். போன்ழூர், மெர்சி, கடையில் விலை கேட்பது, பஸ்ஸில் இறங்கும் இடம் சொல்வது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ஊரில் பிள்ளையைக் குளிப்பாட்டும் அம்மாவைப் பாருங்கள். "கையைத் தூக்கு, அந்தக் கை இல்லடா, இந்தக் கை, ஐயோ சோப்பு கண்ணுல போயிடுச்சா, யாரு போட்டா, அம்மாவா போட்டேன், அடிச்சிடுவோமா அம்மாவ?" மூச்சுவிடாமல் ஓடும். பிள்ளை "ம்" என்றால் அதற்கும் ஒரு பதில். இதைவிடப் பெரிய பேச்சுப் பயிற்சி எந்த கிளினிக்கிலும் இல்லை. அதே அம்மாவை பிரெஞ்சில் பேசச் சொன்னால் "சவோன்" என்று சோப்பைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார். வேற என்ன செய்வார்? புருஷன் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் வருவார். நாலாவது மாடி, கதவைச் சாத்தினால் மனித சத்தம் கிடையாது. அம்மாவும் ஊமை ஆகிவிட்டால் அந்த வீட்டில் பேச மிச்சம் இருப்பது போன் ஒன்றுதான். பிள்ளையிடம் தெரியாத மொழியில் பேசு என்று சொல்வது, பிள்ளையிடம் பேசாதே என்று சொல்வதுதான்.

இந்த மூடநம்பிக்கைக்கு நூறு வயது. 1923-ல் வேல்ஸ் நாட்டு கிராமப்புறப் பிள்ளைகளை ஆராய்ந்த சேர் என்பவர், இரண்டு மொழி பேசும் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் குறைவு என்று எழுதினார். அந்தக் காலத்து ஆய்வுகள் பலவும் குடும்பத்தின் வறுமையையும் பள்ளியின் தரத்தையும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. 1962-ல் மாண்ட்ரியாலில் பீல், லாம்பர்ட் இருவரும் ஒரே வசதியுள்ள பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது இரண்டு மொழிக்காரப் பிள்ளைகள்தான் முன்னால் நின்றார்கள். இதற்குப் பிறகும் 2004-ல் பிரான்சில் பெனிஸ்தி என்ற எம்.பி.யின் முன்னறிக்கை, வெளிநாட்டு வம்சாவளித் தாய்மார்கள் வீட்டில் பிரெஞ்சு பேச வேண்டும் என்றது. எதற்கான அறிக்கை தெரியுமா? இளைஞர் குற்றங்களைத் தடுக்க! அம்மா தாலாட்டு பாடும் மொழியில் ஆரம்பித்து ஜெயில் வரைக்கும் கோடு போட்டார்கள். மொழியியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள்.

நம்ம ஊர் சொல்தா தாத்தாக்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள். சைகோனில் வளர்ந்த காரைக்கால் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் பிரெஞ்சும் கடைத்தெருவில் வியட்நாமியும் பேசினார்கள். யாரும் குழம்பவில்லை.

சரி, இரண்டு மொழிப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமே ஆகாதா? ஆகும், ஒரு மொழிப் பிள்ளைக்கு ஆவதைப் போலவே. மொழி அதற்குக் காரணம் இல்லை. எண்ணும்போது மட்டும் இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு வயதில் சுமார் ஐம்பது சொல், இரண்டு சொல் சேர்த்த வாக்கியம். "அம்மா, லே வேணும்" என்று பிள்ளை பாலுக்கு பிரெஞ்சுச் சொல்லைப் போட்டுக் கேட்டால் அது வாக்கியம்தான். கலந்து பேசுவது குழப்பம் இல்லை. நீங்களும் நானும் "பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்" என்றுதானே பேசுகிறோம்?

"ரெண்டு மொழி, அதான் லேட்டு" என்ற சமாதானம் செய்யும் பெரிய கெடுதல் வேறு. அதைச் சொல்லிக்கொண்டு ஒரு வருஷம், இரண்டு வருஷம் சும்மா இருந்துவிடுகிறார்கள். காது கேட்காத பிள்ளை அந்த இரண்டு வருஷத்தை இழக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளை பயிற்சி தொடங்க வேண்டிய காலத்தை இழக்கிறது. "ஆம்பளைப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்பதெல்லாம் இதே ரகம். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரலை நீட்டி எதையும் காட்டவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரண்டு சொல் சேரவில்லை, பேசிய சொற்கள் எந்த வயதிலாவது மறைந்துபோகின்றன. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். முதலில் காது பரிசோதனை. "கதவு சாத்துனா திரும்புறானே" என்பது பரிசோதனை ஆகாது, அதிர்வுக்கும் திரும்பும்.

பிரான்சில் இருப்பவர்கள் பி.எம்.ஐ. மையத்துக்குப் போங்கள். ஆறு வயது வரை பிள்ளைகளை இலவசமாகப் பார்ப்பார்கள். தடுப்பூசிக்கு மட்டும் அது என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டிசம் என்று தெரிந்தாலும் தமிழை நிறுத்த வேண்டியதில்லை. வீட்டு மொழியைப் பறித்தால் அந்தப் பிள்ளை குடும்பத்துக்குள்ளேயே தனியாகிவிடும், அவ்வளவுதான் நடக்கும்.

அடுத்து போன். "பிரெஞ்சு கார்ட்டூன் போட்டுவிடுறேன் டாக்டர், மொழி வந்துடும்ல?" வராது. 2003-ல் பேட்ரிஷியா கூல் என்ற விஞ்ஞானி ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு சீன மொழியைப் பன்னிரண்டு தடவை கேட்கவைத்தார். எதிரில் உட்கார்ந்து மனிதர் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சை வீடியோவில் போட்டபோது ஒன்றுமே கற்கவில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது.

ஆனால் அம்பகரத்தூரில் இருக்கும் நன்னியின் வாட்ஸ்அப் வீடியோ காலை இதோடு சேர்க்காதீர்கள். பிள்ளை சிரித்தால் நன்னி சிரிக்கிறார், பிள்ளை கேட்டால் பதில் வருகிறது. இப்படிப் பதில் தரும் வீடியோ காலில் இரண்டு வயதுப் பிள்ளைகள் புதுச் சொல் கற்பதை 2014-ல் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறார்கள். நன்னிக்கு ஒரு வேண்டுகோள்: "சாப்டியா, சாப்டியா" என்று பத்து நிமிஷம் கேட்காதீர்கள். ஆட்டுக்குட்டியைக் காட்டுங்கள், முருங்கை மரத்தில் அணில் ஓடுவதைக் காட்டுங்கள். பிள்ளை ஏதாவது சத்தம் கொடுக்கும்வரை காத்திருங்கள்.

"பள்ளியில் பின்தங்கிடுவானே?" என்று கேட்பீர்கள். பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். வாரத்துக்கு இருபத்துநாலு மணி நேரம் பிரெஞ்சு அங்கே கிடைக்கும், தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடமிருந்து. நீங்கள் உச்சரிக்கும் பிரெஞ்சு அவனுக்குத் தேவையே இல்லை. கதை கேட்கத் தெரிந்த, ஏன் என்று கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளை எந்த மொழிப் பள்ளியிலும் பிழைத்துக்கொள்ளும்.

இது மொழிப்பற்றுப் பதிவு என்று நினைத்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் வீட்டில் உருது என்றால் உருது, தெலுங்கு என்றால் தெலுங்கு. அம்மா அப்பா இரண்டு பேருக்குமே பிரெஞ்சு சரளமாக வரும் என்றால் பிரெஞ்சும் பேசுங்கள், யார் தடுத்தது? எந்த மொழியில் உங்களுக்குக் கோபமும் கொஞ்சலும் தானாக வருகிறதோ அதில் பேசுங்கள்.

ஒரு கடைசி விஷயம். லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளையின் காதைப் பரிசோதிக்க வேண்டும் என்றால் வந்து இறங்கிய முதல் வாரமே அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். சில பரிசோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும், ஒரே நாளில் முடியாமலும் போகலாம். பெட்டி கட்டிவிட்டு, நாளைக்கு ஃபிளைட் டாக்டர் என்று வந்து நிற்காதீர்கள்.