கருவிகளும் நாமும்: ஆடும் பெட்டி



நம் சங்கத்து அன்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு வினா விடுத்திருந்தார். அவருடைய தமையனார் இலண்டனில் பணியாற்றிய நாளில் வாங்கிய சின்க்ளேர் இசட்.எக்ஸ்.81 என்னும் சிறு கணிப்பொறி இப்பொழுது அன்பரின் இல்லத்தில் உள்ளது. தமையனார் இன்றில்லை. அவர் தம் கையால் இயற்றிய வீட்டுக் கணக்கு நிரல் மட்டும் ஒலிநாடாவில் எஞ்சியிருக்கிறது. அதனை ஏற்றி நாலைந்து விசைகளைத் தட்டுவதற்குள் திரை சிதறிப் பொறி நின்றுவிடுகிறதாம். "நினைவகம் கெட்டதோ? எறிந்துவிடலாமோ?" என்று கேட்கிறார்.

எறிய வேண்டா. இது அப்பொறியுடன் பிறந்த குறை.

1981 மார்ச்சில் பிரிட்டனில் வெளிவந்த இதன் விலை, முழுதும் பூட்டப்பெற்ற நிலையில் 69.95 பவுன். விலை மலிவுதான், உள்ளிருந்த நினைவகமோ 1 கிலோபைட்டு, ஒரு பக்கக் கடிதத்திற்கும் போதாது. ஆகவே 16 கிலோபைட்டுப் பெட்டியைத் தனியே வாங்கிப் பின்புறம் செருகினர். தொல்லை அங்கே தொடங்குகிறது. பெட்டியைத் தாங்கத் திருகு இல்லை. மின்பலகையின் விளிம்பிலுள்ள உலோகப் பட்டைகளைச் செருகுவாயின் கம்பிகள் கவ்வுவதொன்றே பிணைப்பு. விசைப்பலகையோ தட்டையான மென்படலம். அழுத்தினாலன்றி எழுத்து விழாது. அழுத்துந்தோறும் பெட்டி ஆடும். ஒரு கணம் தொடர்பற்றால் எழுதிய யாவும் அழியும். தண்டவாள இணைப்புத் தளர்ந்தால் என்னாகும் என்பதை என் போன்ற ரயில்வேக்காரர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. அந்நாளில் பலர் புளூ-டாக் என்னும் ஒட்டுக்களிமண்ணை அப்பியே சமாளித்தனர்!

முதற்கண் மின்சாரத்தை நிறுத்துக. மின்னோட்டம் இருக்கையில் பெட்டியைச் செருகுவதும் உருவுவதும் இரண்டையுமே கெடுக்கும். விளிம்புப் பட்டைகளை ஐசோபுரொப்பைல் ஆல்ககால் தோய்த்த துணியால் துடைக்க. கறை விடாவிடில் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்க்கலாம். உப்புத்தாள் கூடவே கூடாது, மேற்பூச்சு போய்விடும். பின் பொறியையும் பெட்டியையும் ஒரே பலகையில் அசையாது பொருத்துக. இரண்டும் சேர்ந்து அசைந்தால் கேடில்லை.

இனிச் சோதனை: பிரின்ட் பீக் 16388+256*பீக் 16389 என்று கட்டளையிடுக. 32768 என வந்தால் 16 கிலோபைட்டும் உள்ளது. 17408 எனில் பெட்டி இணையவேயில்லை.

எண் சரியாக வந்தும் பொறி நிற்குமாயின் மின்வழங்கியை ஐயுறுக. பெட்டியிலுள்ள எட்டு நினைவகச் சில்லுகளுக்கு 5 வோல்ட் மட்டும் போதாது. 12 வோல்ட்டும், எதிர்மறை 5 வோல்ட்டும் வேண்டும். அவற்றைப் பெட்டி, வழங்கியின் 9 வோல்ட்டிலிருந்தே ஆக்கிக்கொள்கிறது. வழங்கி தளர்ந்தால் பழி பெட்டியின்மேல் விழும்! மின்செருகியும் ஒலிநாடாச் செருகிகளும் ஒரே அளவின. துளை மாறாமல் பார்க்க வேண்டும்.

அன்பர்க்கு ஒன்று: இவற்றுள் எதையும் தொடங்குமுன் அந்த ஒலிநாடாவை வேறொரு கருவியில் ஓட்டிப் பிரதி எடுத்துக்கொள்க. பெட்டிக்கு மாற்று கிடைக்கும், நாடாவிற்குக் கிடைக்காது.