முதலில் தண்டலை நிறுத்துவோம்

சம்பளம் பத்தவில்லை என்கிற தொழிலாளிக்கு எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்கிறார்கள். டீயைக் குறை, பீடியை விடு, செல்போனுக்கு இவ்வளவு ரீசார்ஜ் எதற்கு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையின் டைம் ஆபீஸில் வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் போடுகிறவள் நான். யார் கைக்கு எவ்வளவு போகிறது, இருபதாம் தேதிக்கு மேல் யார் அட்வான்ஸ் கேட்டு ஜன்னலோரம் நிற்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். டீக் காசால் கெட்ட குடும்பம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தண்டலால் கெட்ட குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு தண்டல்காரர் இருப்பார். கையில் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக் கட்டு. உள்ளங்கை அகல அட்டையில் நூறு கட்டம், கட்டிய நாளுக்கு ஒரு கையெழுத்து. பத்தாயிரம் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

“ஆயிரத்து ஐநூறுதானே அக்கா, பதினஞ்சு பர்சென்ட்தான்” என்பார்கள். அந்தக் கணக்கு தப்பு. முதல் நாளிலிருந்தே பணம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில் பாதி நம்மிடம் இல்லை. நூறு நாளுக்கும் சராசரி போட்டால் நாம் வைத்திருப்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு 1,500 ரூபாய் என்றால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கும் மேலே போகிறது. பத்து வட்டி என்று யாராவது நேராகச் சொன்னால் நம் ஆட்கள் கந்துவட்டி என்று ஒதுங்கிவிடுவார்கள். அதைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது தெரியும். அதே வட்டியைக் கட்டம் போட்ட அட்டையில் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம்.

கவரைப்பேட்டையிலிருந்து வரும் ஒரு தம்பி. மகளுக்குக் காய்ச்சல் என்று தண்டல் வாங்கினார். அறுபது நாள் கட்டியாயிற்று, பாக்கி 4,000. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் மறுபடியும் பணம் தேவைப்பட்டது. புது அட்டை போட்டார்கள். பத்தாயிரத்தில் பழைய பாக்கி 4,000 கழித்து, புது வட்டி 1,500 கழித்து, கையில் வந்தது 4,500. அதற்கு மறுபடியும் நூறு நாள், தினம் நூறு.

வருஷத்துக்கு மூன்று அட்டை என்றால் வட்டி மட்டும் 4,500 ரூபாய். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. மாதம் தவறாமல் இரண்டையும் வாங்கினாலும் வருஷத்துக்கு 660 ரூபாய்தான். ஒரு வருஷத் தண்டல் வட்டியில் ஆறு வருஷத்துக்கு மேல் பருப்பும் எண்ணெயும் வாங்கலாம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எங்கே மிச்சம் பிடிப்பது என்று தேடுகிறவர்கள் முதலில் அந்த அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிட வருத்தமான சங்கதி, தண்டல் கட்டுகிறவர்களே நகைச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் கட்டுவது. மாதம் பத்து வட்டிக்கு வாங்கிக்கொண்டே சேமிப்பு என்று ஆயிரம் ரூபாயை வேறெங்கோ கொடுக்கிறார்கள். கையில் பத்தாயிரம் சேரும்வரை வேறு எந்தச் சீட்டும் வேண்டாம் என்பேன். அதைச் சேர்த்த பிறகு தபால் நிலையத்தில் மாதம் நூறு ரூபாயிலிருந்து ஆர்.டி. போடலாம். மாதம் பத்து வட்டி கட்டியே பழகியவருக்கு, மாதம் முப்பது தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அதுவும் நடக்கும் என்றே தோன்றிவிடுகிறது. 2022இல் வெடித்த ஆருத்ரா நிதி நிறுவன விவகாரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,400 கோடிக்கும் அதிகமான பணத்தைக் கொட்டியது அப்படித்தான்.

புதுகும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் மகளிர் குழு நடத்துகிறோம். குழுக் கடனுக்கு ஒரு வட்டி. பத்தாயிரம் வாங்கி மாதம் 2,500 வீதம் நாலு மாதத்தில் அடைத்தால் வட்டி 250 ரூபாய். அந்த 250ம் குழுவின் பணத்தோடு சேர்கிறது. குழுவில் இருக்கும் பெண்களின் வீட்டுக்காரர்களே எங்களுக்குத் தெரியாமல் கேட்டில் தண்டல் வாங்குவதுண்டு. வீட்டில் சொல்ல வெட்கம். அந்த வெட்கத்துக்குக் கொடுக்கும் விலை 1,250 ரூபாய் என்று நான் அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுவேன். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஆறேழு பேராகச் சமைத்துச் சாப்பிடும் பையன்கள், அறைக்கென்று பொதுப் பணம் ஒன்று வைத்திருக்கிறார்கள். தண்டல்காரரிடம் அவர்கள் அவ்வளவாகப் போவதில்லை.

காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவதும் நிற்க வேண்டும். யு.ஏ.என். எண் ஒன்றுதான், கணக்கை மாற்றிக்கொண்டு போகலாம். 2024-25க்கு 8.25 சதவீத வட்டி தந்தார்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த வருஷங்கள் கணக்கிலிருந்து போய்விடும்.

ஆனால் எல்லாவற்றையும் தொழிலாளி தலையில் கட்டுவது நியாயமில்லை. தண்டல் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் வாங்குவது மாதக் கடைசி இழுபறிக்கு. வாடகை ஐந்தாம் தேதி; ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளம் பதினைந்தாம் தேதி வந்தால் அந்தப் பத்து நாளை எதைக் கொண்டு ஓட்டுவது? ஆயிரம் பேருக்குக் குறைந்த ஆலையில் 7ஆம் தேதிக்குள், மற்றதில் 10ஆம் தேதிக்குள் என்று 1936ஆம் வருஷச் சட்டமே சொன்னது. இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பு மாதச் சம்பளத்துக்கு 7ஆம் தேதி என்கிறது. காண்ட்ராக்டர் கொடுக்காவிட்டால் ஆலை கொடுக்க வேண்டும் என்பதும் 1970லிருந்து இருக்கிற விதிதான்.

சிப்காட் ஆலைகளிடம் நான் கேட்பது ஒன்று. உழைத்து முடித்த நாட்களின் கூலியில் பாதியை மாதம் 20ஆம் தேதி கொடுங்கள். அது கடனும் அல்ல, தர்மமும் அல்ல, அவர்கள் ஏற்கனவே சம்பாதித்த காசு. வருகைப் பதிவு கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. அதற்கான பட்டியலைப் போட என்னைப் போன்ற ஒருத்திக்கு அரை நாள் போதும்.