பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் தள்ளிவைக்கப்பட்டவரா?



சென்ற மாதம் ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சபை மூப்பர் ஒருவர் என்னை ஓரமாய் அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஐயா, அந்த இளம் ஆயரைப் பள்ளிக்கூடத்திற்கு மாற்றிவிட்டார்களாமே, அவர் என்ன தவறு செய்தார்?”

அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. நம்மில் அநேகர் உள்ளத்தில் இருப்பதையே வாய்திறந்து சொன்னார். பெரிய ஆலயம் கிடைத்தால் அது உயர்வு. பள்ளிக்கூடம் கிடைத்தால் அது தண்டனை. ஆயிரம் பேருக்குப் பிரசங்கிக்கிறவர் தேவமனிதர். அறுபது பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துகிறவர் பிரசங்கிக்கத் தெரியாதவர். இந்த எண்ணம் தவறானது மட்டுமல்ல, சுவிசேஷத்திற்கு விரோதமானது என்றே சொல்லத் துணிகிறேன்.

இதை எனக்கு உணர்த்தியவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ரோமன் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர். ரொனால்ட் நாக்ஸ் என்பது அவர் பெயர். 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவருடைய தந்தை ஆங்கிலிக்கன் திருச்சபையில் மான்செஸ்டரின் பேராயராக இருந்தவர். மகனும் அதே திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, பின்பு 1917-ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1926 முதல் 1939 வரை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர்களுக்கு ஆன்ம குருவாயிருந்தார். பிரசங்கியாராகவும் வானொலிப் பேச்சாளராகவும் துப்பறியும் நாவலாசிரியராகவும் நாடறிந்தவர்.

1939-ல் அவர் ஆக்ஸ்ஃபோர்டை விட்டு, ஷ்ரொப்ஷயர் மாவட்டத்தின் ஆல்டன்ஹாம் என்னும் இடத்திலிருந்த ஆக்டன் பிரபுவின் மாளிகைக்குச் சென்றார். லத்தீன் வேதாகமத்தைத் தனியொருவராக ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பதே அவருடைய நோக்கம். அதற்கு அமைதி வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஆண்டே போர் மூண்டது. லண்டனிலிருந்து அசம்ப்ஷன் சபைக் கன்னியர் தங்கள் பள்ளி மாணவியரை அழைத்துக்கொண்டு அதே மாளிகைக்கு வந்து சேர்ந்தார்கள். அமைதியைத் தேடிச் சென்றவருக்கு ஒரு பெண்கள் பள்ளி கிடைத்தது. தேசம் அறிந்த பிரசங்கியார், பள்ளிச் சிறுமிகளின் ஆன்ம குருவானார்.

இங்கேதான் நம் மூப்பரின் கேள்வி எழும். இத்தனை தாலந்துள்ளவர் சிறுபிள்ளைகளிடம் வீணானாரா?

நாக்ஸ் அந்தச் சிறுமிகளுக்கு என்ன செய்தார் என்று பாருங்கள். திருப்பலியின் ஒவ்வொரு செய்கையையும் ஒவ்வொரு ஜெபத்தையும் எடுத்து, அதைச் செய்யும்போது குருவானவர் என்ன நினைக்கிறார் என்பதுவரை அவர்களுக்கு விளக்கினார். விசுவாசப் பிரமாணத்தை ஒவ்வொரு சொற்றொடராகப் பிரித்துச் சொன்னார். இந்த உரைகள் 1948-ல் ‘தி மாஸ் இன் ஸ்லோ மோஷன்’ என்றும், 1949-ல் ‘தி க்ரீட் இன் ஸ்லோ மோஷன்’ என்றும், 1950-ல் ‘தி காஸ்பல் இன் ஸ்லோ மோஷன்’ என்றும் நூல்களாக வெளிவந்தன. திருப்பலியைக் குறித்த அவருடைய உபதேசத்தோடு நான் உடன்படேன். ஆயினும் சிறுமிகளுக்காகப் பேசப்பட்ட அந்த உரைகளைப் பெரியவர்களும் விரும்பி வாசித்தார்கள். மொழிபெயர்ப்பும் நின்றுபோகவில்லை. புதிய ஏற்பாடு 1945-ல் வெளியாயிற்று. பழைய ஏற்பாடு 1949-ல் தொடர்ந்தது.

‘ஸ்லோ மோஷன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பள்ளி ஊழியத்தின் இலக்கணமே அதுதான். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் லேவியர் நியாயப்பிரமாணத்தை வாசித்ததோடு நின்றுவிடாமல், ஜனங்கள் விளங்கிக்கொள்ளும்படி அதற்கு அர்த்தமும் சொன்னார்கள். பெரிய கூட்டத்தில் புரியாததை உரத்த சத்தத்தால் மூடிவிடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அது நடவாது. புரியவில்லையென்றால் அது சன்னலுக்கு வெளியே பார்க்கும். தான் சொல்வது இன்னதென்று தெளிவாய் அறியாத எவரும் பிள்ளைகளிடம் பத்து நிமிடம் நிற்க முடியாது. ஆகையால் பேசத் தெரியாதவரைப் பள்ளிக்கு அனுப்புவது விவேகமன்று. நம்மில் நன்றாய்ப் பேசத் தெரிந்தவரையே அங்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இது சிலருக்குக் கசப்பாயிருக்கும். கத்தோலிக்கரின் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, ஆன்ம குரு என்பவர் ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் ஆன்மிகப் பராமரிப்பு நிலையாக ஒப்படைக்கப்பட்ட குருவானவர் என்கிறது. ‘நிலையாக’ என்பதைக் கவனியுங்கள். அதே சட்டத்தின் 985-ஆம் பிரிவு இன்னும் ஆழமானது. ஒரு கல்வி நிலையத்தின் தலைவர், அதே இல்லத்தில் தங்கியிருக்கும் மாணவர்களின் பாவ அறிக்கையை, அவர்களாகவே மனமுவந்து கேட்டாலன்றிக் கேட்கக் கூடாது என்கிறது. ஏன்? தண்டிக்கிற அதிகாரமுள்ளவரிடம் எந்தப் பிள்ளையும் தன் இருதயத்தைத் திறக்காது.

நாம் செய்வது என்ன? பள்ளிக்கு வரும் ஆயரிடம் வருகைப் பதிவேட்டைக் கொடுக்கிறோம். கட்டணம் செலுத்தாதவர் பட்டியலைக் கொடுக்கிறோம். தாமதமாய் வரும் பிள்ளைகளை வாசலில் நிறுத்தும் பொறுப்பையும் கொடுக்கிறோம். பரீட்சை நெருங்கினால் அவருடைய வேதபாட வேளையைக் கணக்கு ஆசிரியருக்குக் கொடுத்துவிடுகிறோம். காலையில் பிரம்போடு நின்றவர் மாலையில் மேய்ப்பனாய் அமர்ந்தால் எந்த ஆடு அருகில் வரும்?

கத்தோலிக்கப் பள்ளிகளில் எல்லாம் செம்மையாய் நடந்தது என்று நான் சொல்லவில்லை. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை, 2009-ல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அது எந்தத் திருச்சபையும் தலைகுனிய வேண்டிய செய்தி. பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையை மறைப்பதற்கு இரகசியம் என்று பெயரிடுகிறவன் மேய்ப்பன் அல்லன், ஓநாய். ஆனால் அந்தக் கொடுமைகள் ஆன்மிக ஊழியம் வேண்டாம் என்பதை நிரூபிக்கவில்லை. அதிகாரத்தின் கீழிருக்கும் பிள்ளைக்கு, அச்சமின்றிப் பேசத்தக்க ஒருவர் எவ்வளவு அவசியம் என்பதையே காட்டுகின்றன.

“பள்ளியில் பல சமயத்துப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அங்கே ஆயருக்கு என்ன வேலை?” என்று சிலர் கேட்கிறார்கள். தந்தையை இழந்த பிள்ளைக்கும், தேர்வில் தோற்று வீட்டுக்குப் போக அஞ்சும் பிள்ளைக்கும் பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். அந்தப் பிள்ளை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்று கேட்டபின்பா நாம் உட்காருவோம்? உட்கார்ந்ததற்குக் கூலியாக அதன் விசுவாசத்தை மாற்றக் கேட்பதும் அன்பு அல்ல.

சீலோவின் ஆலயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏலி கண்பார்வை மங்கிய கிழவர். தன் சொந்தக் குமாரரை அடக்கத் தவறியவர். ஆயினும் இரவில் மூன்று முறை ஓடிவந்த சிறுவனை அவர் கடிந்துகொள்ளவில்லை. மூன்றாம் முறை, பிள்ளையை அழைக்கிறவர் கர்த்தர் என்று உணர்ந்து, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். சத்தம் ஏலிக்கு வரவில்லை, சாமுவேலுக்கே வந்தது. ஆனால் ஏலி எரிச்சலோடு கதவைச் சாத்தியிருந்தால்? பள்ளி ஊழியரின் பணி இதுவே: பிள்ளையை அழைப்பது கர்த்தர், மூன்றாம் முறையும் எழுந்து அந்தப் பிள்ளைக்குச் செவிகொடுப்பது அவர்.

ஆகையால் சபையாரிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். பள்ளிக்கு அனுப்பப்படும் ஆயருக்கு, பெரிய ஆலயத்திற்குச் செல்பவருக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு வழியனுப்பு ஜெபம் செய்யுங்கள். நீங்கள் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தால், அவர் கையிலிருந்து கட்டணப் பட்டியலையும் பிரம்பையும் வாங்கிவிடுங்கள். நீங்கள் பெற்றோராயிருந்தால், வேதபாட வேளையைக் கணக்குக்குக் கேட்காதிருங்கள்.

பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியவர்கள் வெளியாட்கள் அல்லர், சீஷர்களே. ஆண்டவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். மாற்கு பத்தாம் அதிகாரம் சொல்லுகிறபடி, அதைக் கண்டு இயேசு விசனமடைந்தார். நம் மூப்பருக்கு அன்று நான் சொன்ன பதிலும் இதுதான்: “அவர் தவறு ஒன்றும் செய்யவில்லை, ஐயா. ஆண்டவர் கையில் ஏந்திக்கொண்டவர்களிடத்திற்கே அவரை அனுப்பியிருக்கிறோம்.”

பிள்ளைகளை அணைத்து ஆசீர்வதித்த கர்த்தர், அவர்கள் நடுவே ஊழியம் செய்கிற ஒவ்வொருவரையும் பலப்படுத்துவாராக. ஆமென்.