மெஸ் டின் வாங்கும் முன் காந்தம் எடுங்கள்

மாணவர்களே, குனோங் லேடாங் அடிவாரத்திலோ எண்டாவ் ரொம்பின் காட்டிலோ முகாமிடப் போகும் உங்களில் பலருக்கு ராணுவ மெஸ் டின் மீது ஒரு கண் இருக்கும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் இரண்டு செவ்வகப் பாத்திரங்கள், மடக்கும் கைப்பிடி. ‘ராணுவமே பயன்படுத்தியதாயிற்றே’ என்று நம்பி, பழைய பொருள் கடையில் வாங்கிவிடுகிறோம். ராணுவ முத்திரை உறுதியைக் காட்டலாம். எல்லாச் சமையலுக்கும் அது ஏற்றது என்பதற்கு அந்த முத்திரை சான்றாகாது என்பதே என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது உலோகத்தை.

பெரும்பாலான மெஸ் டின்கள் அலுமினியத்தால் ஆனவை. உலு திராமில் உள்ள புலாடா போன்ற தரைப்படைப் பயிற்சி மையத்தில் காட்டு வழியே நடக்கும் வீரருக்கு ஒவ்வொரு கிராமும் சுமைதான். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியத்தின் எடை 2.7 கிராம், எஃகின் எடையோ சுமார் 7.8 கிராம். வெப்பத்தைக் கடத்துவதிலும் அலுமினியம் எவர்சில்வரைவிடச் சுமார் 15 மடங்கு மேல். அதனால் சிறு தீயின் சூடும் அடிப்பாகம் முழுவதும் பரவும்.

குறையும் உண்டு. காற்று பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி உலோகத்தைக் காக்கிறது. புளியிலுள்ள அமிலமும் உப்பும் சேர்ந்து இந்தப் படலத்தை அரிக்கும். உலோகம் உணவில் கலக்கும். ஜொகூரின் அசாம் பெடாஸ், நம் புளிக்குழம்பு, ரசம் எல்லாம் இந்த வகைதான். இரவு முழுவதும் அதிலேயே வைத்திருந்தால் அரிப்பு இன்னும் கூடும். எனவே சோறு, முட்டை, மீ போன்றவற்றை மெஸ் டின்னில் வேகவையுங்கள்; புளிப்புக்கு எவர்சில்வர் பாத்திரம் கொண்டுபோங்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்கு அலுமினியம் தேவைப்பட்டதால், பிரிட்டிஷ் மெஸ் டின்கள் பல வெள்ளீயம் பூசிய எஃகில் செய்யப்பட்டன. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகிவிடும். உள்ளே நீர் கொதிக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். நீர் வற்றினால் பூச்சு போய்விடும். நம் பாட்டிமார் ஈயச்சொம்பில் ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுவதும் இதற்காகத்தான். துருப்பிடித்ததையும், உள்ளே பூச்சு உரிந்ததையும் வாங்கவே வேண்டாம்.

எது எந்த உலோகம் என்று எப்படி அறிவது? பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வையுங்கள். கைப்பிடி எஃகாக இருக்கலாம் என்பதால் அங்கே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. அடியில் ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் இலேசாக இருந்தால் அலுமினியம். ஒட்டாமல் கனமாக இருந்தால் பெரும்பாலும் எவர்சில்வர்.

முகாமுக்கு முன்பு ஒரு பாடவேளையை ஒதுக்கி, மாணவர்கள் கொண்டுவரும் பாத்திரங்களை அறிவியல் கூடத்தில் சோதிக்கலாமே! சீருடை இயக்க ஆசிரியர்கள் இதை யோசிக்க வேண்டும். பாடநூலில் படித்த அடர்த்தியும் உருகுநிலையும் அன்று சோற்றுப் பாத்திரத்திலேயே புரிந்துவிடும்.