கோதுமை ஆகாதார் வீடும் ஊர் மாவு யந்திரமும்

கோதுமையிலும் பார்லியிலுமுள்ள குளூடன் என்னும் பசைப்பொருள் சிலர் குடலைப் புண்படுத்தி, உண்ட சத்து உடலிற் சேராதபடி செய்யும். இவ்வியாதிக்குக் கோதுமையே காரணமென ஹாலந்து தேசத்து வைத்தியர் டிக்கே என்பார் 1950இல் விளக்கினார். ஆயுட்காலப் பத்தியமன்றி வேறு சிகிச்சையில்லை.

நெல்லும் கேழ்வரகும் கம்பும் விளையும் நம் ஜில்லாக்களில் இப்பத்தியம் சுலபமென்பர். யான் ஒப்பேன். கோதுமை அரைபட்ட கல்லில் கேழ்வரகைக் கொட்டினால், அங்குத் தங்கிய மாவு அதனொடு கலந்துவிடும். கூட்டுப் பெருங்காயத்திலுங்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவுண்டு. குழந்தை ஒன்றுக்கு ஆகாதெனின் வீடு முழுவதும் கோதுமையை விலக்குவதே நலம். ஆனால் ஊர் யந்திரத்தை அவ்வீட்டார் என் செய்வர்? இரண்டு யந்திரமுள்ள கிராமங்களில் ஒன்றிலேனும் கோதுமை அரைக்கலாகாதென அதிகாரிகளும் நிலக்காரரும் கூடி ஏற்பாடு செய்தல் வேண்டும். அதுவரை வீட்டுத் திரிகையே கதி, அதிலும் கோதுமை உடைத்திராவிடில்.